வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம்: இந்த நெரிசலில் நாமும் போய்ச் சேரலாமா?

தாழ்வாரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நானும் கணவரும் மாமியாரும் இத்தாலிக்குப் போவதாக இருக்கிறோம். விடுப்பு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. முதலில் போட்ட திட்டம் எல்லோரும் போடுவதுதான்: ரோமில் இறங்குவது, பிறகு ஃபுளோரன்ஸில் தங்குவது, அங்கிருந்து காலையில் இரயில் ஏறி வெனிஸைப் பார்த்துவிட்டு இரவே திரும்புவது. மாமியார் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். கொலோசியத்தையும் சான் மார்க்கோ பேராலயத்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இந்தப் பயணமே அவரை முன்னிட்டுத்தான்.

திட்டம் போட்ட பிறகு படிக்கத் தொடங்கியதில் மனம் குழம்பிவிட்டது. பகலில் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. ஃபுளோரன்ஸின் பழைய நகர்ப் பகுதியில் புதிய குறுகியகால வாடகை வீடுகளுக்குத் தடை விதித்திருக்கிறார்கள். ரோமின் ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்தால் 2019 முதல் அபராதம். எரிமலையில் புதைந்த பழைய நகரான பொம்பெய்க்குள் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று 2024 நவம்பரில் விதி வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் நியாயமாகத் தெரிகிறது; எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், அந்த ஊர்க்காரர்கள் நம்மை வாசலிலேயே நிறுத்தி வைக்க விரும்புவதாகத் தோன்றுகிறது.

ஆகவே என் ஐயம் இரண்டு வகையானது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் நகரங்களுக்கு நாமும் போவது சரிதானா, அல்லது வெனிஸை விட்டுவிட்டு வேறு ஊரைத் தேர்வது நல்லதா? போவதென்றால், அங்கு வாழ்பவர்களுக்குச் சுமை குறைவாகவும் நமக்கு மனநிறைவாகவும் அமையும் வழி என்ன? இத்தாலியில் வசிப்பவர்களும் அண்மையில் போய் வந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாதுவாவாசி எழுதியது:

சகோதரி, வேலை நிமித்தமாகப் பாதுவாவில் வசிக்கிறேன். இங்கிருந்து வெனிஸ் இரயிலில் அரை மணி நேரம். தங்கள் திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது ஃபுளோரன்ஸிலிருந்து ஒரே நாளில் வெனிஸுக்குப் போய்த் திரும்பும் அந்த ஏற்பாட்டைத்தான். வெனிஸில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், அல்லது அந்த ஊரை இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வழிதான் அந்த ஊரை மிகவும் வருத்துகிறது. பயணிக்கும் அதில் கிடைப்பது மிகக் குறைவு.

காரணத்தைச் சொல்கிறேன். பகல் பயணி முற்பகலில் சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்குகிறார். சுவர்களில் உள்ள அம்புக்குறிகளைப் பின்பற்றி ரியால்தோ பாலத்துக்கும், அங்கிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் நடக்கிறார். ஆயிரக்கணக்கானோர் அதே நேரத்தில் அதே சந்துகளில் அதே திசையில் நடப்பதால், இருவர் எதிரெதிரே கடக்கவே இடமில்லாத இடங்களில் மருந்து வாங்கப் போகும் முதியவரும் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையும் அந்த ஊர்வலத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். நின்றபடி எதையோ உண்டுவிட்டு, காகிதத்தையும் குப்பியையும் போட்டுவிட்டு, மாலைக்குள் அவர் திரும்பி விடுகிறார். வண்டி ஓடாத அந்த ஊரில் குப்பையைக் கைவண்டியில் தள்ளிச் சென்று படகில்தான் ஏற்ற வேண்டும். இந்தச் செலவில் பகல் பயணியின் பங்கு நெடுங்காலமாக ஏறக்குறைய எதுவுமே இல்லை. தங்குபவரோ ஒவ்வோர் இரவுக்கும் தங்கல் வரி கட்டுகிறார், உட்கார்ந்து உண்கிறார், கூட்டம் கலைந்த பிறகு ஊரை நிதானமாகப் பார்க்கிறார்.

தாங்கள் குறிப்பிட்ட கட்டணம் 2024 ஏப்ரல் 25ஆம் நாள் தொடங்கியது. முதல் ஆண்டில் தேர்ந்தெடுத்த 29 நாள்களுக்கு, காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை வருவோருக்கு 5 யூரோ. 2025இல் அதை 54 நாள்களாக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு 10 யூரோ என்று உயர்த்தினார்கள். இதுவரை இது ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட நாள்களில் மட்டுமே இருந்திருக்கிறது; ஆகவே அக்டோபரில் தாங்கள் செலுத்த வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன், ஆனாலும் புறப்படும் முன் நகராட்சியின் தளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. 14 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. நகராட்சி எல்லைக்குள் தங்குபவர்களுக்கும் இல்லை, ஆனால் அவர்கள் விலக்குக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதல் ஆண்டில் ஏறத்தாழ 24 லட்சம் யூரோ வசூலானது. கூட்டம் குறைந்ததா என்றால், என் கண்ணுக்குக் குறையவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு இதில் கிடையாது; காசு கொடுத்தவர் எத்தனை பேராயினும் வரலாம். இது ஊருக்குள் வருவோரை எண்ணிப் பார்க்கும் கருவி என்ற அளவில் எனக்கு ஏற்புடையது, தடுப்பு என்று சொன்னால் ஏற்க மாட்டேன்.

கூட்டத்தைவிட ஆழமான காயம் வீடுகளில் இருக்கிறது. தீவுகளால் ஆன பழைய நகரில் 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண் 50,000க்குக் கீழே இறங்கியது. ரியால்தோவுக்கு அருகே சான் பர்த்தொலொமியோ சதுக்கத்தில் உள்ள ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிச் சன்னலில், மீதமுள்ள குடிமக்களின் எண்ணிக்கையைக் காட்டும் பலகை 2008 முதல் எரிந்துகொண்டிருக்கிறது; மாமியாரை அதன் முன்னால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், வரலாற்று ஆசிரியருக்கு அதுவும் ஓர் ஆவணம்தான். பயணிகளுக்கான படுக்கைகள் குடிமக்களைவிட அதிகமாகிவிட்டன என்று 2023இல் உள்ளூர்க் குடிமக்கள் அமைப்புகள் கணக்கிட்டுக் கூறின. குடும்பங்கள் போனதும் ஆணியும் திருகும் விற்ற கடை போகிறது, இறைச்சிக் கடை போகிறது, அந்த இடத்தில் எங்கோ செய்து இறக்கிய முகமூடிகள் தொங்குகின்றன.

ஆகவே தங்குமிடத்தில் கவனம் வையுங்கள். விடுதியோ, உரிமையாளரே உடன் வசிக்கும் இல்லத்தில் ஓர் அறையோ எடுங்கள். முழு வீட்டையும் பிடிக்காதீர்கள். எந்த இடமானாலும் தேசிய அடையாளக் குறியீட்டு எண் விளம்பரத்திலும் கட்டட வாசலிலும் இருக்க வேண்டும் என்பது 2025 தொடக்கம் முதல் சட்டம். அந்த எண் காணப்படாத இடத்தை ஒதுக்கிவிடுங்கள். கானரேஜோ, காஸ்தெல்லோ பகுதிகளில் இன்னும் துணி உலர்வதையும் பாட்டிமார் பேசிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம்.

மாமியாருக்காக இன்னொன்று. தொர்செல்லோ தீவுக்குப் படகில் அழைத்துச் செல்லுங்கள். வெனிஸுக்கும் முன்பே செழித்து, பின்னர் ஆளொழிந்து போன ஊர் அது. 639இல் நிறுவப்பட்ட அதன் தேவாலயத்தின் மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பு நாள் கல்லோவியமாக விரிந்திருக்கிறது. சான் மார்க்கோவில் முண்டியடித்துக்கொண்டு பார்க்க நேரும் பைசாந்தியக் கலையை அங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பாதுவாவாசி ஐயா சொன்ன நடைமுறை அறிவுரைகளோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் வெனிஸின் குடியிழப்பை முழுவதும் பயணிகளின் தலையில் ஏற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பழைய நகரை விட்டு மக்கள் வெளியேறியது பெருந்திரள் சுற்றுலா வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1846இல் இரயில் பாலமும் 1933இல் சாலைப் பாலமும் தீவுகளைக் கரையோடு இணைத்தன. 1917 முதல் கரையிலுள்ள மர்கேராவில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் எழுந்தன. வேலை கரையில், மின்தூக்கியும் உலர்ந்த சுவரும் வாகனம் நிறுத்த இடமும் கொண்ட வீடுகள் அதை ஒட்டிய மெஸ்த்ரேயில். இந்த நிலையில் 1966 நவம்பர் 4ஆம் நாள் 194 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறியபோது, தரைத்தளத்தில் ஈரத்தோடு காலம் தள்ளிய குடும்பங்கள் பல மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. 1980களின் தொடக்கத்திலேயே எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. அப்போது கைப்பேசியில் வீடு வாடகைக்கு எடுக்கும் வழக்கம் எங்கே இருந்தது? போனவர்கள் திரும்பாமல் பார்த்துக்கொண்டது சுற்றுலா என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்; முதலில் விரட்டியது அது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவர்கள் திரும்பாததற்கு இத்தாலியச் சட்டங்களுக்கும் பங்குண்டு, அதைப் பேசுவோர் குறைவு. 1998ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, குடும்பம் ஒன்றுக்கு வழக்கமான ஒப்பந்தத்தில் வீட்டை விடுகிறவர் நான்கு ஆண்டுகளுக்கும், பெரும்பாலும் அதன்மேல் இன்னொரு நான்கு ஆண்டுகளுக்கும் கட்டுப்படுகிறார். வாடகை நின்றுபோனால் குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்றத்தில் நெடுநாள் அலைய வேண்டும். பயணிக்கு விட்டாலோ சில நாளில் பணம் கைக்கு வருகிறது. அந்த வருமானத்துக்கும் 21 விழுக்காடு என்ற ஒரே விகித வரியே போதும் என்று 2017இல் வழி திறந்துவிட்டார்கள். இரண்டாவது வீடு முதல் 26 விழுக்காடு என்று மாற்றியது 2024இல்தான். பாட்டி இறந்த பிறகு ஒரு வீட்டைப் பெற்ற பேரன் எந்த வழியைத் தேர்வான் என்பதைச் சொல்லப் பொருளியல் அறிஞர் தேவையில்லை.

இதில் நகராட்சிகளின் பங்கும் இருக்கிறது. வீட்டைக் குறுகியகால வாடகைக்கு விடும் நாள்களுக்கு வரம்பு விதிக்கும் தனி அதிகாரத்தை 2022இல் நாடாளுமன்றம் வெனிஸுக்கு மட்டும் கொடுத்தது. அந்த நகராட்சி அதைப் பயன்படுத்தத் தயங்கியது. அப்படியொரு தனி அதிகாரம் இல்லாத ஃபுளோரன்ஸ், வழக்குகள் வரும் என்று தெரிந்தே 2023இல் தன் பழைய நகர்ப் பகுதியில் புதிய குறுகியகால வாடகைகளைத் தடை செய்யத் துணிந்தது. பயணியிடம் 5 யூரோ வாங்குவது எளிது, ஏனென்றால் பயணிக்கு வாக்குரிமை இல்லை; வீட்டு உரிமையாளருக்கு உண்டு.

அயலாரை வரவழைப்பதும் அந்த ஊர்களுக்குப் புதிதன்று. ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குலத்தின் கடைசி வாரிசான ஆன்னா மரியா லுயீசா 1737இல் செய்த உடன்படிக்கையில், குடும்பத்தின் கலைச்செல்வங்கள் ஃபுளோரன்ஸை விட்டு ஒருபோதும் வெளியேறக்கூடாது என்று எழுதி வைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று, அயல்நாட்டாரின் ஆவலை ஈர்ப்பது. உஃபீசி கலைக்கூடம் 1769இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும், அந்தத் தொகுப்பு சிதறாமல் இன்றும் அங்கேயே இருப்பதும் அந்த அம்மையாரின் முன்யோசனையால்தான். ஆகவே, தாழ்வாரம் அவர்களே, தாங்கள் போவதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குற்ற உணர்வைப் பயணிகளுக்கு விற்றுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

தாழ்வாரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே நாள் வெனிஸ் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். அங்கே மூன்று இரவு தங்குவதற்காக ரோமிலும் ஃபுளோரன்ஸிலும் நாள்களைக் குறைக்கிறோம். வாடகைச் சட்டத்தைப் பற்றி ஏட்டுச்சுவடி அவர்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று முறை கேட்டார், அந்த அம்மையாரின் உடன்படிக்கையைக் குறித்து வைத்துக்கொண்டார்.

இனி நடைமுறை ஐயங்கள். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நெடுநேரம் நடப்பார், படிகள்தான் கடினம். கொலோசியத்துக்கும் உஃபீசிக்கும் நுழைவுச்சீட்டு எப்போது, எங்கே வாங்குவது? "வரிசையில் நிற்காமல் நுழையலாம்" என்று பல தளங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை சொல்கின்றன. அவற்றை நம்பலாமா?

இரயில்சிநேகன் எழுதியது:

சீட்டு விஷயத்தில் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சென்ற இலையுதிர் காலத்தில் பெற்றோரை அழைத்துக்கொண்டு இதே வழியில் போய் வந்தேன்.

கொலோசியத்துக்குள் ஒரே நேரத்தில் 3,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு நேரத்துக்கும் சீட்டு எண்ணிக்கை வரம்புடையது, அதிகாரப்பூர்வத் தளத்தில் வருகை நாளுக்குச் சுமார் ஒரு மாதம் முன்னதாக விற்பனைக்கு வருகிறது. நெடுங்காலம் இந்தச் சீட்டுகளை இடைத்தரகர்கள் மொத்தமாக வாரிக்கொண்டு, வழிகாட்டியையோ வேறு சேவையையோ சேர்த்துக் கட்டி விலையேற்றி விற்று வந்தார்கள். 2023 அக்டோபர் முதல் சீட்டில் பெயர் அச்சிடப்படுகிறது, வாயிலில் கடவுச்சீட்டோடு ஒப்பிடுகிறார்கள். அதன் பின்னும் முறைகேடுகள் முழுவதும் ஒழியவில்லை. அத்தகைய பதுக்கலை விசாரித்த இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம், 2025 ஏப்ரலில், சீட்டு விற்கும் பொறுப்பிலிருந்த அமைப்புக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆகவே அதிகாரப்பூர்வத் தளத்தில் விற்பனை திறக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த நாளிலேயே மூவர் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடி கொடுத்து வாங்கிவிடுங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு. அதைத் தாண்டி நுழைய எந்தத் தளத்தாலும் முடியாது. மேல்தளத்துக்கு மின்தூக்கி இருக்கிறது, பணியாளரிடம் கேட்டால் வழி காட்டுவார்கள்.

பாந்தியோனுக்கு 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு. 5 யூரோ என்று தொடங்கினார்கள். ரோமப் பேரரசன் ஹாத்ரியன் காலத்தில் எழுந்து, கூரை இடியாமல் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக நிற்கும் ஒரு கட்டடத்துக்கு இதைக் கேட்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. திரேவி நீரூற்றைப் பழுதுபார்த்து 2024 டிசம்பரில் திறந்தபோது, அருகில் ஒரே நேரத்தில் 400 பேர் என்று வரம்பு வைத்தார்கள். முன்பு தோளோடு தோள் இடித்துக்கொண்டு நாணயத்தை எறிந்த இடம் அது. இப்போது கொஞ்சம் காத்திருந்தாலும் நீரூற்றை உண்மையாகவே பார்க்க முடிகிறது. இந்த மாதிரிக் கட்டுப்பாடுகளைப் பகையாக நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பயணிக்கே நன்மை செய்யும் விதிகள் இவை.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம். வாத்திகன் அருங்காட்சியகம் கடைசி ஞாயிறன்று இலவசம். இரண்டு நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். மிச்சமாகும் யூரோக்களுக்கு மாமியாரின் முழங்கால் வட்டி கட்டும்.

உஃபீசிக்கும் அக்காதெமியா அருங்காட்சியகத்துக்கும் திங்கள்கிழமை விடுமுறை என்பதால் ஃபுளோரன்ஸில் தங்கும் நாள்களை அதற்கேற்ப அமையுங்கள். பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது. அதை நீங்கள் இருவரும் ஏறலாம், அம்மா கீழே ஞானஸ்நான மண்டபத்தைப் பார்க்கலாம். ஃபுளோரன்ஸில் கூட்டம் சில இடங்களில்தான் குவிகிறது: பேராலயம், பழைய பாலம், உஃபீசி, தாவீது சிலை. பர்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் தொனாத்தெல்லோவின் சிற்பங்களுக்கு முன்னால் நானும் பெற்றோரும் ஒரு காவலரும் மட்டுமே நின்றிருந்தோம். ஆர்னோ ஆற்றைக் கடந்து ஓல்த்ரார்னோ பகுதிக்குப் போனால் படச்சட்டம் கோர்ப்பவரும் மரத்துக்கு மெருகூட்டுபவரும் இன்னும் பட்டறை நடத்துகிறார்கள். அங்கும் வாசற்கதவுகளில் பயணிகளுக்கு வாடகை வீட்டுச் சாவியை வைக்கும் பெட்டிகள் தொங்கத் தொடங்கியதால்தான் 2025இல் நகராட்சி அவற்றைப் பழைய நகரில் தடை செய்தது.

ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு ஒன்றரை மணி, அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணிக்குச் சற்று மேல். விரைவு இரயில் சீட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். பழைய நகரங்களின் வாகனத் தடைப் பகுதிக்குள் தெரியாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

கடல்காற்று எழுதியது:

நான் பலெர்மோவில் வளர்ந்தவள். "வெனிஸை விட்டுவிட்டு வேறு ஊரைத் தேர்வது நல்லதா" என்று அக்கா முதலில் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

கூட்டமில்லாத ஊர் என்று இணையத்தில் பட்டியலிடப்பட்ட ஊர் அடுத்த ஆண்டே கூட்டமுள்ள ஊராகிவிடும். ரோமுக்கு வடக்கே மண்மேட்டின் உச்சியில் நிற்கும் சிவித்தா தி பஞ்ஞொரேஜோவில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2013இலேயே அங்கே நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். வெனிஸில் கலக்கம் உண்டாக்கியதைப் போன்ற கட்டணம் அந்த ஊரை நகராட்சிக்கு வருமானம் தரும் இடமாக்கியது, உண்மைதான். ஆனால் அங்கே இருப்பது இப்போது ஊரா, காட்சிப்பொருளா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். சிங்குவே தெர்ரேயின் ஐந்து சிற்றூர்களின் இரயில் நடைமேடைகளைக் கோடைக்காலத்தில் பார்த்தவர்கள் நான் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள். சிற்றூருக்கு ஐந்நூறு பேர் என்பது வெனிஸுக்கு ஐம்பதாயிரம் பேர் மாதிரி.

அதனால் ஊர்களைப் பரிந்துரைக்கும்போது, தாங்கும் சக்தி உள்ளவற்றையே சொல்வேன். மாணவர்களாலும் தொழிலாலும் தன் காலில் நிற்கும் ஊர்கள் அவை. பொலோனியாவில் மொத்தம் 62 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரையிட்ட தூண்வழிகள் உண்டு. 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த நடைபாதைகள், வெயிலும் மழையும் படாமல் சமதளத்தில் நடக்க முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றவை. அங்கிருந்து இரயிலில் ரவென்னா ஒரு மணிக்குச் சற்று மேல். வரலாற்று ஆசிரியையை இத்தாலிக்கு அழைத்துவந்து ரவென்னாவைக் காட்டாமல் திருப்பி அனுப்பினால் அது பெரிய குறை. சான் வித்தாலே தேவாலயத்தில், ஆறாம் நூற்றாண்டில் பதித்த கற்களில், ஜஸ்தீனியன் பேரரசனும் அவன் மனைவி தெயதோராவும் தத்தம் பரிவாரங்களோடு எதிரெதிரே நிற்கிறார்கள். கவிஞர் தாந்தே 1321இல் இறந்ததும் அந்த ஊரில்தான். அவருடைய எலும்புகளை ஃபுளோரன்ஸ் பலமுறை கேட்டும் ரவென்னாக்காரர்கள் கொடுக்கவில்லை.

எங்கள் பலெர்மோவையும் சொல்லாமல் விட மனமில்லை, தங்கள் வழியிலிருந்து அது வெகு தொலைவு என்றாலும். ரொஜெரோ அரசனின் அரண்மனைத் தேவாலயத்தில் அரபுத் தச்சர்களின் கூரையும் பைசாந்தியக் கல்லோவியமும் ஒன்றாக இருக்கின்றன. மொந்தே பெல்லெக்ரினோ குன்றில் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு ஞாயிறுதோறும் ஈழத்தமிழர்கள், சைவர்கள் உட்பட, மலையேறிச் சென்று வேண்டிக்கொள்வதை ஊரே அறியும். அதே பலெர்மோவில்தான் பல்லரோ சந்தையில் மீனும் கத்தரிக்காயும் விற்ற தட்டுகளின் இடத்தைப் பயணிகளுக்கான தின்பண்டக் கடைகள் மெல்லப் பிடித்துவருகின்றன. வீட்டு வாடகை ஏறியதால் சந்தையை ஒட்டிய தெருக்களை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் எங்கள் உறவினரும் உண்டு. ஏட்டுச்சுவடி அண்ணா சொல்வதுபோலச் சட்டம்தான் காரணம் என்றாலும், வீட்டைக் காலி செய்கிற நாளில் மாடிப்படியில் எதிரே வருவது பயணியின் சக்கரப்பெட்டிதான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கடல்காற்று அவர்கள் சொன்ன கடைசி வரியை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பயணி எந்த வீட்டில் தங்குவது என்று தேர்ந்தெடுக்கும் அந்தக் கணத்தில் அவருக்கும் ஒரு சிறு வாக்குரிமை கிடைத்துவிடுகிறது. அந்த அளவில் பாதுவாவாசி ஐயாவின் அறிவுரையை முழுமையாக வழிமொழிகிறேன்.

தாழ்வாரம் எழுதியது:

ரோம், பொலோனியா, அங்கிருந்து ஒரு நாள் ரவென்னா, பிறகு வெனிஸ் என்று மாற்றியிருக்கிறோம். ஃபுளோரன்ஸில் ஒரே ஓர் இரவு மட்டும், உஃபீசிக்காக. கானரேஜோவில் ஒரு சிறிய விடுதி கிடைத்திருக்கிறது. குறியீட்டு எண் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். இனிக் கடைசிக் கேள்வி: வெனிஸின் பாலங்கள் எல்லாம் படிகளாமே, மாமியார் எப்படிச் சமாளிப்பார்? அக்டோபர் கடைசியில் கடல்நீர் ஊருக்குள் ஏறுமா?

பாதுவாவாசி எழுதியது:

பாலங்கள் நானூற்றுக்கும் மேல், பெரும்பாலானவை படிகளோடுதான். அதனால் நடையைக் குறைத்து நீர்ப்பேருந்தை நம்புங்கள். ஒற்றைப் பயணச்சீட்டு 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ என்பது கொள்ளை விலை. உள்ளூர்க்காரர்கள் செலுத்துவது அதில் சிறு பங்கு, அவர்களுடைய போக்குவரத்தைத் தாங்குவது நம் காசுதான் என்று எண்ணி ஆறுதல் அடையலாம். மூன்று நாள் தங்குவதால் 72 மணி நேரச் சீட்டே எடுத்துவிடுங்கள். 1ஆம் எண் படகு பெருங்கால்வாய் முழுவதும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போகும். காலை எட்டு மணிக்கு முன் ஏறினால் முன்வரிசையில் இடம் கிடைக்கும், அந்த நேரத்தில் உடன் வருபவர்கள் வேலைக்குப் போகும் வெனிஸ்காரர்கள். அவர்களுக்கு வழிவிட்டு, முதுகுப்பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் மரியாதை என்பது முதலில் அதுதான். விடுதிக்காரருக்கு எழுதி, அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு பாலமும் இல்லை என்றால் அந்த இடம் அம்மாவுக்குப் பொருத்தம். இரண்டு, மூன்று என்றால் வேறு பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி: அக்டோபர் கடைசியிலிருந்து அதற்குரிய பருவம்தான். 2019 நவம்பர் 12 இரவில் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது, 1966க்குப் பிறகு அதுவே பெரிது. 2020 அக்டோபர் முதல், ஊரைச் சூழ்ந்த உப்பங்கழியின் மூன்று வாய்களிலும் கடலடியிலிருந்து எழும் மோசே என்னும் தடுப்புகள் வேலை செய்கின்றன; 110 சென்டிமீட்டர் என்று முன்னறிவிப்பு வந்தால் அவற்றை உயர்த்துகிறார்கள். அதற்குக் குறைவான நீருக்கு உயர்த்துவதில்லை. சான் மார்க்கோ சதுக்கமோ ஊரிலேயே தாழ்ந்த இடங்களுள் ஒன்று, 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே நனையத் தொடங்கும். அப்படிப்பட்ட காலையில் மரப் பலகை மேடைகள் போடுவார்கள். அதில் நின்று படம் எடுப்பவர்களால் பின்னால் உள்ளவர்கள் தவிப்பார்கள். பேராலயத்தைச் சுற்றி 2022இல் கண்ணாடித் தடுப்பு அமைத்துவிட்டதால் உள்ளே பெரும்பாலும் நனைவதில்லை. நீர் ஏறி இறங்குவது சில மணி நேரம்தான். நகராட்சியின் ஓத முன்னறிவிப்பை முந்தின மாலையே பார்த்துவிட்டு, காலையில் உயர்நீர் என்றால் சான் மார்க்கோவைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு, முதலில் ஃப்ராரி தேவாலயத்துக்குப் போய் தித்சியானோ வரைந்த, மரியாளின் விண்ணேற்பு ஓவியத்தைப் பாருங்கள். அந்தப் பகுதி சற்று மேடானது. நழுவாத காலணி அம்மாவுக்குக் கட்டாயம். நிலையத்துக்கு அருகே உள்ள புதுப் பாலம் கண்ணாடிப் படிகளோடு கட்டப்பட்டது, மழை நாளில் அதன் பக்கமே போக வேண்டாம்.